சம்பந்தி மெஷினுக்கு எஃகுப் பல்

கம்பெனிக்காரன் என்றாலே லேத்காரருக்கு வயிறு எரியும். உடைகிற மாதிரி செய்து, உடைந்ததும் புதுசு விற்கிற கூட்டம் என்பது அவர் தீர்ப்பு. பெரும்பாலும் அது பொய்யும் இல்லை.

அதனால் சம்பந்தியம்மா மாவு பிசையும் மெஷினைத் தூக்கி வந்து, பல் கொட்டிய பிளாஸ்டிக் கியரை மேஜையில் போட்டதும் அவருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. அந்த அம்மா வீட்டிலேயே ரொட்டி சுட்டு விற்கிறவள். லேத்காரரின் மகள் வாழ்கிற வீடும் அதுதான்.

"சாகுற வரைக்கும் தேயாத மாதிரி செஞ்சு தர்றேன் சம்பந்தி."

"யாரு சாகுற வரைக்கும்? அதைச் சொல்லுங்க முதல்ல."

அந்த அம்மா போனதும் அவர் மனைவி பட்டறைக்குள் தலையை நீட்டினாள். "ஏங்க, ஊரான் மெஷின்ல கைய வைங்க, சம்பந்தி மெஷின்ல வேணாம். ஏதாவது ஆச்சுன்னா நம்ம பொண்ணு காதுதான் புண்ணாகும்."

"எஃகைப் பத்தி உனக்கு என்னடி தெரியும்?"

"எஃகைப் பத்தித் தெரியாது. உங்களைப் பத்தித் தெரியும்."

அவர் கேட்கவில்லை. எஃகுத் துண்டை லேத்தில் கடைந்து, பல் வெட்டி, ஒவ்வொரு பல்லையும் அரத்தால் நீவி மாட்டினார். மெஷின் முனகாமல் ஓடியது. தெருவில் நின்று கம்பெனிக்காரனின் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டினார். "பிளாஸ்டிக்கப் போட்டு ஏமாத்துறான், களவாணிப்பய!" பக்கத்துக் கடை வெல்டர் கைதட்டினார்.

மறு வாரமே மெஷின் கருகிய வாடையோடு திரும்பி வந்தது.

"உங்க கியருக்கு ஒரு கீறல்கூட இல்ல சம்பந்தி. கண்ணாடிப் பெட்டியில வச்சு அழகு பாருங்க. மெஷின்தான் செத்துப்போச்சு. ஓடும்போது மரக்கரண்டிய உள்ள விட்டது உங்க பொண்ணு. பொறுப்பு இருக்கா அவளுக்கு?"

அவர் திறந்து பார்த்தார். மோட்டார் சுருள் கரியாகியிருந்தது. பழைய கியராக இருந்திருந்தால் கரண்டி சிக்கியதும் பல் உடைந்து மோட்டாரை விட்டிருக்கும். இவருடைய எஃகு விடவில்லை. மோட்டார் முக்கி முக்கி வெந்துபோனது. அந்தக் களவாணி வேண்டுமென்றேதான் பல்லை மெலிசாக வைத்திருக்கிறான்!

இரும்புத்தூளை விழுங்கின மாதிரி இருந்தது அவருக்கு. வாயை மூடிக்கொண்டால் பழி மகளோடு போய்விடும். அவர் மானம் தப்பிக்கும். மனைவி வாசலில் நின்று அவரையே பார்த்தாள்.

"கரண்டி எல்லா வீட்லயும்தான் விழும்," என்றார். "அவ மேல தப்பில்ல. நான் போட்ட கியர்தான் தப்பு."

"அப்ப எது சரி சம்பந்தி?"

"பிளாஸ்டிக்தான்."

"காதுல விழல சம்பந்தி."

"பிளாஸ்டிக்தான் சரிங்கறேன்!"

வெல்டர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, உடம்புக்கு முடியலையா?"

"உன் வேலையப் பார்றா!"

மோட்டாருக்குப் புதுச் சுருள் கட்டித் தருவதாகவும், உடைகிற மாதிரியே நைலானில் பல் வெட்டித் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். சம்பந்தியம்மா ஸ்டூலில் சாவகாசமாக உட்கார்ந்து மருமகளுக்குப் போன் போட்டாள்.

"தப்பு உங்கப்பாவோடதாம், அவர் வாயாலயே சொல்லிட்டாரு. நீ மாவுல கை வைக்காத. மெஷின் தயாராகுற வரைக்கும் பிசைய அவரே வர்றாரு."

லேத்காரர் திகைத்து மனைவி பக்கம் திரும்பினார். அவள் சோப்பை நீட்டினாள்.

"நகத்துல கிரீஸ் இருக்கு. நல்லா தேய்ச்சுக் கழுவுங்க."