பின்னால் இழுப்பது யார்

எல்லாம் அந்தக் கோட்டுக்காரர் வந்த நாளில் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி லாண்டரியில் எப்படி வேகும் என்று யாராவது அந்த மனிதரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். எங்களுக்கெல்லாம் முன்னேற்றப் பயிற்சி கொடுக்கக் கோட்டும் டையுமாக வந்து நின்றவர் பத்து நிமிஷத்தில் தொப்பலாக நனைந்துவிட்டார். ஆனால் வாய் ஓயவில்லை. "அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?" என்று ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துக் கேட்டார். பாய்லர்காரர் எழுந்து, "பாய்லர் வெடிக்காம இருந்தா இங்கதான் சார் இருப்பேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரயிலு மட்டும் சிரிக்கவில்லை.

ரயிலு என்பது லாண்டரியில் வைத்த பட்டப்பெயர். நடையும் வேகம், பேச்சும் வேகம். முப்பத்தாறு வயசு, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், அண்ணன் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். ஈரப் படுக்கை விரிப்புகளை, இஸ்திரி போடும் சூடான ரோலருக்குள் விடும் வேலை. ஒரு மூலையை அவள் பிடிப்பாள், மறு மூலையை அண்ணி பிடிப்பாள். இந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். பதினோரு வருஷமாக அந்த ரோலர் முன்னால் இரண்டு பேரும் ஒரே ஜோடி. எந்த ஜோடி எத்தனை விரிப்பு விட்டது என்று தினமும் சுவரிலிருக்கும் போர்டில் எழுதுவார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, ரயிலு உழைப்பாளி. வேலை முடிந்து கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போனாள். விடிவதற்கு முன்னால் எழுந்து படித்தாள். ‘ஒரு வருஷத்தில் சூப்பர்வைசர், ஐந்து வருஷத்தில் லாண்டரியே என் பொறுப்பு’ என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தாள். ஆசைப்பட்டதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. நான் அதைச் சொல்ல வரவில்லை.

கோட்டுக்காரர் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். மேலே பெயர், கீழே மூன்று கட்டம். முதல் கட்டத்தில் லட்சியம். இரண்டாவதில் அதற்காக என்ன செய்யப் போகிறீர்கள். மூன்றாவது கட்டத்தின் மேல், ‘என்னைப் பின்னால் இழுப்பது எது? யார்?’ என்று அச்சடித்திருந்தது. எது என்பதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்? யார் என்று வேறு கேட்டு வைத்தார்.

"பயப்படாம எழுதுங்க. இது உங்களுக்கும் உங்க கனவுக்கும் நடுவுல மட்டும்தான்" என்றார்.

அதை நம்பித்தான் எழுதினாள் என்று ரயிலு பிற்பாடு தனக்குத் தானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டாள். அவளுக்கு அழகான கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் குண்டு குண்டாக நிற்கும். ‘என் ஜோடி. தோள் வலியால் மெதுவாகத் தூக்குகிறார். என் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. உறவு என்பதால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை.’ எழுதிவிட்டு ‘மெதுவாக’ என்ற வார்த்தைக்கு அடியில் கோடும் போட்டாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணி, மூன்றாவது கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, "என்னடி எழுதறது இதுல?" என்று கேட்டாள். "ஏதாவது எழுதுங்க அண்ணி" என்று ரயிலு தன் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்தத் தோள் எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ரயிலு பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டாள். லீவு போட்டால் ரோலரில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். "நீ சும்மா பிடிச்ச மாதிரி நில்லு, நான் பாத்துக்கறேன்" என்று அண்ணி சொன்னாள். ஆறு வாரம் ஈர விரிப்பின் முழுக் கனத்தையும் அண்ணி ஒருத்தியே தூக்கினாள். அதில் பிடித்த வலிதான். இது ரயிலுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எழுதும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து அண்ணியைக் கீழ் ரூமுக்கு மாற்றினார்கள்.

கீழ் ரூம் என்பது வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் துணியைப் பிரிக்கிற இடம். ரத்தம், வாந்தி, சீழ், எல்லாம் துணியோடு சுருண்டு வரும். சில சமயம் ஊசியும் வரும். இரண்டு கையுறை, முகமூடி, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்க வேண்டும். ஜன்னல் கிடையாது. புதிதாக வருகிறவர்களையும் யாருக்கும் வேண்டாதவர்களையும் அங்கேதான் தள்ளுவார்கள். ரோலர் பக்கத்தில் அண்ணி நின்ற இடத்தில் இருபத்திரண்டு வயசுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். முதல் நாளே போர்டில் நானூற்றுப் பத்து, நானூற்று எண்பதாக ஏறியது. அதைப் பார்த்து ரயிலுக்குச் சந்தோஷம் வந்தது. வந்த மறு நொடியே அவளுக்கே தன்மேல் ஒரு அருவருப்பும் வந்தது. ஆனால் சந்தோஷம்தான் முதலில் வந்தது, அதை அவளால் மறைக்க முடியாது.

அன்று சாயந்திரம் பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து கையை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். மூன்று தடவை சோப்புப் போட்டும் நாற்றம் போகவில்லை என்றாள்.

"உங்க அண்ணன்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே. கீழ் ரூம்னு தெரிஞ்சா வேலையை விட்டு நில்லுன்னுடுவாரு. நின்னா நானா நிக்கணும். இப்படித் தள்ளி விட்டு நிக்கக் கூடாது."

"சரி அண்ணி."

"யாரோ எழுதிக் குடுத்திருக்காங்களாம். நான் மெதுவாம். மேஸ்திரி காதோட காதா சொன்னாரு." அண்ணி மறுபடி கையை முகர்ந்து பார்த்தாள். பிறகு, "யாரா இருந்தா என்ன, நல்லா இருக்கட்டும். ஆனா என் இடம் எனக்கு வேணும். நீதான் நல்லா எழுதுவியே, எனக்கு ஒரு மனு எழுதிக் குடு" என்றாள்.

அப்போதே அந்த பஸ்ஸிலேயே ரயிலு சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் அவளுக்குச் சூப்பர்வைசர் நேர்காணல். அது முடியட்டும், சூப்பர்வைசர் ஆனதும் முதல் வேலையாக அண்ணியை நானே மேலே கொண்டுவந்துவிடுகிறேன் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் கேன்டீனில் அண்ணி சொல்லச் சொல்ல, ரயிலு குண்டு குண்டான எழுத்தில் மனுவை எழுதினாள்.

"பதினாறு வருஷத்துல ஒரு நாள்கூட என்னால வேலை நின்னதில்லைன்னு எழுது" என்றாள் அண்ணி. எழுதினாள். "என் கூட ஒரு நாள் நின்னு வேலை பாத்தவங்க யாரும் என்னைப் பத்தி அப்படிச் சொல்ல மாட்டாங்கன்னு எழுது." அதையும் எழுதினாள். அண்ணி கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "முத்து முத்தா இருக்கு" என்றாள்.

நேர்காணல் நன்றாகவே நடந்தது. இரண்டு நாள் கழித்து மேனேஜரைப் பார்க்கப் போகும்போது அண்ணி ரயிலையும் கூட்டிக்கொண்டு போனாள். "எனக்கு அங்க போனா பேச்சு வராது, நீ பக்கத்துல நில்லு" என்றாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாட்டேன் என்பாள்?

மேனேஜர் கெட்டவர் இல்லை. மனுவை முழுசாகப் படித்தார். படித்து முடித்தவர் மறுபடி முதல் வரிக்குப் போனார். அப்புறம் ரயிலைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்துப் புரட்டி, ஒரு தாளை உருவி மனுவுக்குப் பக்கத்தில் வைத்தார். அவளுக்கும் அவள் கனவுக்கும் நடுவில் மட்டும் இருக்க வேண்டிய தாள். கனவு எப்போது இந்த அலமாரிக்குக் குடி வந்ததோ தெரியவில்லை.

"ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே" என்றார் மேனேஜர். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "இதுல அவங்க உங்களைப் பின்னால இழுக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. அதுல அவங்க கூட நின்னவங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. எதைம்மா நான் நம்பறது? உங்க சூப்பர்வைசர் லெட்டர் கையெழுத்துக்கு வந்து மேஜை மேல கிடக்கு. ஒருத்தரைப் பத்தி ரெண்டு விதமா எழுதற ஆளை நம்பி நாப்பது பேரை எப்படி ஒப்படைக்கறது?"

அண்ணி குனிந்து அந்தத் தாளைப் படித்தாள். அவள் உதடு ஒவ்வொரு வார்த்தையாக அசைவதை ரயிலு பார்த்துக்கொண்டே நின்றாள். கோடு போட்ட வார்த்தையில் உதடு கொஞ்சம் நின்றது. தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது ரயிலுக்கு.

"நான்தான் சார் எழுதச் சொன்னேன்" என்றாள் அண்ணி.

மேனேஜர் நிமிர்ந்தார்.

"தோள் வலி தாங்கலை. எனக்கா கேக்கக் கூச்சம். நீ எழுதிக் குடு, லேசான வேலையாப் பாத்துக் குடுப்பாங்கன்னு நான்தான் இவகிட்ட சொன்னேன். கீழ் ரூம்ல போடுவாங்கன்னு நினைக்கலை. அதான் மனு குடுத்தேன். இவ மேல தப்பு இல்லை சார்."

பேச்சு வராது என்று சொன்னவள் எவ்வளவு சரளமாகப் பேசினாள் பாருங்கள்.

"அப்படியாம்மா?" என்று மேனேஜர் ரயிலைக் கேட்டார்.

ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. அந்த நேரத்தில் மேஜை மேலிருந்த லெட்டரைத்தான் அவள் கண் தேடியது.

"ஆமா சார்."

"அப்போ மாத்தினதுல எங்க தப்பு எதுவும் இல்லை. நீங்களே கேட்டது. மனுவைத் திருப்பி வாங்கிக்கறீங்களா?"

"வாங்கிக்கறேன் சார்" என்று அண்ணி மனுவை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மேனேஜர் லெட்டரில் கையெழுத்துப் போட்டு ரயிலிடம் நீட்டினார்.

வெளியே நடையில் ரயிலு, "அண்ணி" என்றாள். அண்ணி திரும்பவில்லை. "நேரமாச்சு, ரோலர்ல ஆள் இல்லாம நிக்கும். போ" என்று படியிறங்கிப் போய்விட்டாள். சாயந்திரம் பஸ் ஸ்டாப்பில் ரயிலு தேடினாள். அண்ணி முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டாள் என்று பாய்லர்காரர் சொன்னார்.

வீட்டுக்குள் நுழையும்போதே அண்ணன் வாசலுக்கு வந்து, "வாங்க சூப்பர்வைசர் மேடம்" என்றார். விஷயம் அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அண்ணிதான் சொல்லியிருக்கிறாள். அண்ணன் மெக்கானிக். கையில் கிரீஸ் போகிறதோ இல்லையோ, தங்கச்சி என்றால் உச்சி குளிர்ந்துவிடும். அவர் மகள், அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நானும் உங்களை மாதிரி வரணும் அத்தை" என்றாள். நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணி முதல் தட்டை ரயிலுக்குத்தான் வைத்தாள். முகத்தைப் பார்க்காமல் வைத்தாள்.

"சாப்பிடேன், ஏன் பிசைஞ்சுகிட்டே இருக்கே?" என்றார் அண்ணன். "எத்தனை கஷ்டப்பட்டு வந்திருக்கே. கூட நின்னு தூக்கி விட்டது உங்க அண்ணியாக்கும்."

அதற்கு மேல் ரயிலால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். படிவத்தில் எழுதியது, அண்ணியைக் கீழ் ரூமுக்கு மாற்றியது, மனு, மேனேஜர் கேட்டது, அவள் ஆமாம் என்றது. சொல்லச் சொல்ல அழுகை பொங்கியது. சொல்லி முடித்தபோது நெஞ்சிலிருந்து பெரிய கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நல்லவளாகிவிட்ட மாதிரியே இருந்தது.

அண்ணனுக்கு அதில் ஒன்றுதான் காதில் விழுந்தது. "கீழ் ரூமா? ரெண்டு வாரமாவா?" என்று மனைவியைப் பார்த்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நாளைக்குப் போகாதே."

அண்ணி கையை உதறிவிட்டு ரயிலை நிமிர்ந்து பார்த்தாள். மேனேஜர் அறையிலிருந்து வந்த பிறகு அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"அங்க சொல்ல வேண்டியதை இங்க வந்து சொல்றே" என்றாள். "அங்க சொல்லியிருந்தா என் இடம் எனக்குத் திரும்பக் கிடைச்சிருக்கும். இங்க சொன்னதுல உன் பாரம் இறங்குச்சு. எனக்கு இருந்த வேலையும் போகுது."

அத்தையின் தோளில் கிடந்த கையை அண்ணன் மகள் மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"நான் நாளைக்குப் போவேன்" என்றாள் அண்ணி புருஷனிடம். குரல் உயரவில்லை. பிறகு ரயிலிடம், "ஆபீஸ் எட்டு மணிக்குத் திறக்கும். நீயும் வர்றே. மேனேஜர்கிட்ட நீயே சொல்றே" என்றாள்.

சூப்பர்வைசர் லெட்டர் ரயிலின் கைப்பையில் இருந்தது. பை மடியில் இருந்தது. மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி அண்ணி" என்று ரயிலு சொன்னாள். சொன்னாள்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தை வருவதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதை மூன்று பேருமே பார்த்துவிட்டார்கள்.