பெட்டிக்குள் கற்பூரம்

"மாப்ளைக்கு இன்னொரு கரண்டி ஊத்து, பூவம்மா" என்று ஆதிநாராயணன் சொன்னதும் ஜோஷ்வாவின் கை இலையில் அப்படியே நின்றுவிட்டது. குழம்புச் சட்டியோடு வந்த பூவம்மாளும் புருஷனை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினாள். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த காயத்ரி சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பளத்தை நொறுக்கினாள்.

கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. இந்த நாலு வருஷத்தில் மாமனார் அவனை முறை சொல்லி ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. 'அவர உக்காரச் சொல்லு', 'அவருக்கு மோர் வேணுமா கேளு' என்று எல்லாம் மகள் வழியாகத்தான் வரும். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்குச் சேதி கொண்டுபோய்க் கொடுத்தே காயத்ரி களைத்துப்போனாள். ஜோஷ்வாவுக்கு அதில் கோபம் இல்லை. அவனுடைய அப்பா அந்தோணி, கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைக்கு வேலைக்குப் போவதற்கு முன்னால், இதே ஆதிநாராயணனின் வயலில் கூலிக்கு வரப்பு அண்டை வெட்டியவர். அந்தோணியின் மகன் இந்த வீட்டுக் கூடத்தில் இலை போட்டுச் சாப்பிடுவதை ஊரே இன்னும் முழுசாகச் செரித்திருக்கவில்லை. மாமனாருக்கு மட்டும் அவசரம் எதற்கு என்று விட்டுவிட்டான்.

ஜோஷ்வா சரக்கு விமானத்தின் கேப்டன். முன்மூக்கை அப்படியே மேலே தூக்கித் திறந்து சாமான் ஏற்றுகிற பெரிய ஜெட். "ஏர் ஓஸ்டஸ் எத்தினி பேரு இருப்பாங்கோ?" என்று சொந்த ஊரான புதுவாயலின் டீக்கடையில் ஆர்வமாகக் கேட்பவர்களிடம், "ஒருத்தரும் கெடையாது, சாப்பாட்ட நாங்களே சூடு பண்ணிக்குவோம்" என்று அவன் சொன்னால் கேட்டவர் முகம் விழுந்துவிடும். "வானத்துல லாரி ஓட்றாரு" என்று ஆதிநாராயணன் ஊருக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையும் அதுதானே! பந்தயக் குதிரை, பொரித்து ஒரு நாளான கோழிக்குஞ்சு, மருந்து, ரோஜாப்பூ, எண்ணெய்க் கிணற்றுக் குழாய் என்று எதை ஏற்றினாலும் ஓட்டுவான். குதிரை இருந்தால் கொஞ்சம் பதமாகத் திருப்புவான். மற்ற சரக்குகள் எதற்கும் முறைத்துக்கொள்வதில்லை. கிழக்கே பறந்தால் பொழுது அவசரமாக விடியும். மேற்கே பறந்தால் சாயங்காலம் முடியவே முடியாது. கையில் சூடாகக் காபியும் கீழே பேர் தெரியாத ஊரின் விளக்குகளுமாக உட்கார்ந்திருக்கும்போது, இதற்குச் சம்பளமும் தருகிறார்களே என்று அவனுக்கே சில சமயம் கூச்சமாக இருக்கும்.

மாதம் இரண்டு முறை அந்த விமானம் சென்னையில் இறங்கும். கூட வந்தவர்கள் ஓட்டலில் படுத்துத் தூங்குவார்கள், அவன் இங்கே வந்துவிடுவான். இந்த முறை வந்ததில் ஒரு விசேஷம். காயத்ரியின் தம்பி விமல் கும்மிடிப்பூண்டியில் பம்பு உதிரிகள் கடைந்துகொடுக்கும் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறான். அதற்கு முதன்முதலாக வெளிநாட்டு ஆர்டர் ஒன்று கிடைத்து, மூன்று மரப்பெட்டிகள் ஜெர்மனிக்குப் போகின்றன. அதுவும் நாளைக் காலை பதினொரு மணிக்குக் கிளம்பும் அக்காள் புருஷனின் விமானத்திலேயே. ஆதிநாராயணனின் வாயில் 'மாப்ள' முளைத்த கதை இதுதான் என்று ஜோஷ்வா நினைத்துக்கொண்டான். எதனால் முளைத்தால் என்ன, காதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

"ஒண்ணும் பயம் இல்ல மாப்ள" என்றார் ஆதிநாராயணன், மோரை உறிஞ்சிக்கொண்டே. "அம்மன உள்ள வச்சிதான் பொட்டிய மூட உட்டேன்."

"எந்தப் பொட்டில மாமா?"

"மொத பொட்டில. ஞாயித்துக்கெழம பெரியபாளையம் போயி அர்ச்சன பண்ணிகினு வந்தேன். எலுமிச்சம்பழம், குங்குமம், வேப்பல, ஒரு டப்பா கற்பூரம், எல்லாத்தையும் மஞ்சத் துணில முடிஞ்சி அடில சொருகிட்டேன். விமலுக்கே தெரியாது. சரக்குக்கு மட்டும் இல்ல, ஓட்றவருக்கும் சேத்துதான்."

ஜோஷ்வா அடுத்த கவளத்தை எடுக்கவில்லை. தண்ணீரைக் குடித்தான். இலையை மடித்துவிட்டுக் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனான்.

விமானத்தில் ஏற்றக்கூடாதவை, ஏற்றினால் இப்படித்தான் கட்டி ஏற்ற வேண்டும் என்பவை என்று ஒரு நீளமான பட்டியல் உண்டு. பெயின்ட், பேட்டரி, வாசனைத் திரவியம் என்று போகும் அந்தப் பட்டியலில் கற்பூரமும் இருக்கிறது, எளிதில் பற்றிக்கொள்ளும் திடப்பொருள் என்ற பெயரில். அப்படி என்னென்ன ஏறியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கேப்டனிடம் நீட்டுவார்கள். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் ஜோஷ்வா கையெழுத்துப் போடுவான். நாளைக்கு வரும் தாளில் கற்பூரம் இருக்காது. பெட்டியில் இருக்கும். சரக்குக் கிடங்கில் பிடித்துவிட்டால் விமலின் பட்டறைப் பேர் கெட்டுப்போகும், அடுத்த முறை எவனும் அவன் பெட்டியைத் தொட மாட்டான். பிடிக்காமல் விட்டால் அது ஜோஷ்வாவின் முதுகுக்குப் பின்னால் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து வரும். அதைவிடப் பெரிய சங்கடம், மாமனார் நாலு வருஷம் கழித்து அன்பாக நீட்டிய முதல் பொருளை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருப்பது. இன்றைக்குத்தான் கிடைத்த 'மாப்ள', இன்றைக்கே போய்விடுமோ என்று அவனுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

துண்டோடு வந்த காயத்ரியிடம் சொன்னான். "ஒரு டப்பா கற்பூரந்தானே ஜோஷ்?" என்று ஆரம்பித்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"விமலுக்கு போன் போட்டு, மாமாவுக்குத் தெரியாம எடுத்துறச் சொல்லட்டுமா?" என்று கேட்டான் ஜோஷ்வா.

"வேணாம். இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு அவுருக்குத் தெரியும். அப்ப, 'வேதக்காரன் அம்மன எறக்கிட்டான்'னுதான் மனசுல நிக்கும்" என்றாள் காயத்ரி. "நீயே சொல்லு. நேராச் சொல்லு. நான் நடுவுல வரல."

நாலு வருஷமாக நடுவில் நின்றவள் இன்றைக்குப் பார்த்து விலகிக்கொண்டாள். ஜோஷ்வா கூடத்துக்குத் திரும்பிப் போனான். ஆதிநாராயணன் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்தக் கற்பூரத்த எடுத்துறணும்."

அவர் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரே இடத்தில் தடவிக்கொண்டிருந்தார். "ஏன், சாமிப் பொருள்னா ஒங்களுக்கு ஆவாதா?" என்றார்.

"சாமிப் பொருள்னு இல்ல மாமா. எங்க மாதா கோயில்ல சாம்பிராணிக்குப் போட்ற கரி கீது பாருங்க, அத எங்க சாமியாரே குடுத்தாலும் நான் ஏத்த மாட்டேன். அதுவும் சட்டுனு புடிச்சிக்கும். லாரில நெருப்பு புடிச்சா ஓரங்கட்டிட்டு குதிச்சி ஓடலாம். மேல எங்க ஓட்றது? பின்னாடி போயி அணைக்க ஆளும் கெடையாது. உள்ள கீற காத்தையெல்லாம் வெளிய உட்டு, நெருப்புக்கு மூச்சு முட்ட வச்சிட்டு, நாங்க மாஸ்க் மாட்டிகினு எறங்க எடம் தேடணும். அந்த நேரம் கடல் மேல இருந்தோம்னா எடமும் இல்ல."

வாசற்படியில் நின்ற பூவம்மாள், "அய்யோ, இன்னா வேல இது!" என்று நெஞ்சில் கை வைத்தாள். ஆதிநாராயணன் வெற்றிலையைப் போடாமல் தட்டில் வைத்தார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வண்டிய எடுக்கச் சொல்லு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஜோஷ்வா எடுத்தான்.

கார் கும்மிடிப்பூண்டிக்குப் புறப்பட்டது. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஆதிநாராயணன் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். பட்டறைக்குள் நுழைந்தபோது மூன்று பெட்டிகளும் சிறிய லாரியில் ஏறி, கயிறு கட்டித் தயாராக இருந்தன. ஆறு மணிக்குள் விமான நிலையக் கிடங்கில் சேர்க்க வேண்டும். மணி அப்போதே இரண்டேகால். விஷயத்தைக் கேட்டதும் விமல் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஏன் நைனா இப்பிடி பேஜார் பண்றே? இன்ஸ்பெக்சன் முடிச்சி, சீல் அடிச்சி, செக் பண்ண வந்த ஆபீசரு இப்பதான் கெளம்பிப் போனாரு. சீல உடைக்கணும்னா அவுரு எதிர்லதான் உடைக்கணும்."

ஆதிநாராயணன் தரையைப் பார்த்தார். நெல் மூட்டையை ஒற்றைக் கையால் புரட்டுகிற மனுஷன் அப்படி நிற்பதைப் பார்க்க ஜோஷ்வாவுக்குப் பொறுக்கவில்லை. "உடு மச்சான். நம்ம நல்லதுக்குத்தான் வச்சாரு. அந்த ஆபீசர எங்க போயிகினு கீறார்னு கேளு மொதல்ல" என்றான்.

சீல் வைத்த குப்புராஜ் கவரைப்பேட்டையில் பிரியாணிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பாதியில் எழ மாட்டேன் என்று சொல்லிவிட்டு, முழுசாகச் சாப்பிட்டு, பல் குத்திக்கொண்டே மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார். "இருவது வருச சர்வீசுல சாமிய எறக்கறதுக்காக சீல் உடைக்கறது இதான் மொத தபா" என்று சொல்லியபடியே வெட்டிக் கொடுத்தார். பையன்கள் ஆணியைப் பிடுங்கிப் பலகையைத் தூக்கினார்கள். விமல் உள்ளே கைவிடப் போனான்.

"யாரும் தொடாதீங்க" என்றார் ஆதிநாராயணன். செருப்பைக் கழற்றிவிட்டு லாரியில் ஏறி, பெட்டியின் மேல் கவிழ்ந்து, தோள்வரைக்கும் கையை விட்டுத் துழாவி, அந்த மஞ்சள் முடிச்சை எடுத்தார். கீழே இறங்கி, ஒரு பழைய மேசைமேல் துண்டை விரித்து அவிழ்த்தார். எலுமிச்சம்பழம் கொஞ்சம் வதங்கியிருந்தது. குங்குமப் பொட்டலம், வேப்பிலை, கற்பூர டப்பா, இவற்றோடு நாலாக மடித்த ஒரு துண்டுத்தாளும் இருந்தது. குப்புராஜ், "சாமான் லிஸ்டுல இல்லாதது ஒண்ணும் உள்ள போவக்கூடாது, அந்தப் பேப்பர் உள்பட" என்று அதை எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு ஜோஷ்வாவிடம் கொடுத்தார்.

அர்ச்சனைக்கு எழுதிக் கொடுக்கும் தாள். ஜோஷ்வா, அனுஷம், விருச்சிகம் என்று நீலப் பேனாவில் எழுதியிருந்தது.

அவன் இரண்டு முறை படித்தான். தன் நட்சத்திரம் அனுஷம் என்பது முப்பத்தாறு வயதில் இன்றைக்குத்தான் அவனுக்கே தெரியும். அவன் வீட்டில் யாரும் அதையெல்லாம் பார்த்து வைத்ததில்லை. நட்சத்திரம் தெரியாதவர்களுக்குச் 'சாமி பேருக்கு' என்று சொல்லி அர்ச்சனையை முடித்துக்கொள்ளலாம், அப்படித்தான் எல்லோரும் செய்வார்கள்.

"இது எப்பிடி மாமா?"

"பொறந்த தேதியும் நேரமும் சொன்னா பூசாரி கணக்குப் போட்டு சொல்லிட்றாரு" என்றார் ஆதிநாராயணன், எலுமிச்சம்பழத்தைத் துடைத்துக்கொண்டே.

"நேரம் யாரு சொன்னாங்க?"

"ஒங்கம்மாதான். வேற யாருக்குத் தெரியும்? சனிக்கெழம சாயந்தரம் போயி கேட்டுகினு வந்தேன்."

அம்மா சாராள் போனில் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆதிநாராயணன் வீட்டுக்கும் சாராள் இருக்கும் காலனிக்கும் நடுவே இரண்டே தெருதான். அந்த இரண்டு தெருவைத் தாண்டி அவர் வந்து ஜோஷ்வா பார்த்ததில்லை. கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. அவனுக்குக் கண் கரித்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"அம்மா டீ கீ குடுத்தாங்களா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று இருந்தது.

பையன்கள் பலகையைப் போட்டு ஆணி அடிக்கும் சத்தம் நிற்கட்டும் என்று ஆதிநாராயணன் காத்திருந்தார். நின்றதும், "சக்கர கொஞ்சம் தூக்கல்" என்றார்.

மூன்றரை மணிக்குப் புதுச் சீல் விழுந்தது. விமல் டிரைவரிடம் தாள்களைக் கொடுத்து, "மாதவரம் பக்கம் போவாத, வெளிவட்ட ரோட்டுலயே போயிடு" என்று விரட்டினான். லாரி பட்டறை வாசலைத் தாண்டித் தெருவில் வந்து நின்றது. கோயிலிலிருந்து வந்த பொருளை வீட்டுக்குத் திருப்பிக்கொண்டுபோக ஆதிநாராயணனுக்கு மனசில்லை போலிருக்கிறது. டப்பாவைத் திறந்துகொண்டு லாரிக்கு முன்னால் போனார்.

"மாமா, வண்டி பக்கத்துல வேணாம். கொஞ்சம் தள்ளி" என்றான் ஜோஷ்வா.

அவர் பத்தடி தள்ளிப் போய், தார்ச்சாலையின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டப்பாவிலிருந்த வில்லைகள் எல்லாவற்றையும் குவித்தார். தீக்குச்சி காற்றில் அணைந்தது. இன்னொன்று கிழித்தார், அதுவும் அணைந்தது. டிரைவர் இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டு காத்திருந்தான். ஜோஷ்வா அவருக்கு எதிரே போய் உட்கார்ந்து, காற்று வரும் பக்கத்தை உள்ளங்கைகளால் அணை கட்டினான். மாமனாரின் கைகள் அவன் கைகளை உரசிக்கொண்டு மறுபக்கத்தை மறைத்தன. மூன்றாவது குச்சியின் நெருப்பு நாலு கைகளுக்கு நடுவே ஒரு வில்லையைத் தொட்டு, பிறகு குவியல் முழுவதும் ஏறியது.