முந்திக்கொண்ட குலவை

என் வாய் என் பேச்சைக் கேட்காது. கஃப்ஸா நகரில் எங்கள் தெருவே அதற்குச் சாட்சி. போன ஜூனில் மகள் ஷிராஸின் பள்ளி இறுதித் தேர்வு முடிவு கைப்பேசிக்கு வந்தது. செய்தி வந்த சத்தம் கேட்டதுமே, படித்துக்கூடப் பார்க்காமல் குலவையிட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரிகளும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி சர்பத் ஜாடியோடு உள்ளே வந்த பிறகுதான் ஷிராஸ் சொன்னாள், தேறவில்லை என்று. அன்றிலிருந்து என்னிடம் அளந்துதான் பேசிவந்தாள். மறுபடி எழுத மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். தேர்வுக்குப் பெயர் கொடுக்கத் திங்கள்கிழமைதான் கடைசி நாள்.

ஞாயிறு மதியம் அவளைத் திரைப்படச் சங்கத்துக்கு இழுத்துப் போனேன்.

"படம் பாத்தா மனசு மாறிடுமாக்கும்?"

"மாறாட்டி போகுது. வீட்ல உம்முனு இருக்கறதுக்கு இது தேவலை, வாடி."

ஒரே சிறுமியை எட்டு வருடம் விடாமல் எடுத்த படம். பல் விழுந்த குழந்தை கதவைத் திறந்து வெளியே போகிறாள். அதே கதவில் திரும்பி வரும்போது குமரி. அரங்கமே "யா அல்லாஹ்" என்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் வீட்டிலும் ஒருத்தி இப்படித்தானே வளர்ந்தாள், நான் எங்கே போயிருந்தேன்?

கடைசியில் அந்தப் பெண்ணுக்கும் தேர்வு முடிவு. பள்ளிச் சுவரில் ஒட்டிய பட்டியலை நோக்கி ஓடினாள். பின்வரிசையில் எவளோ குலவையிட்டாள், மற்றவர்களும் தொடர்ந்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பட்டியலில் அவள் பெயர் இல்லை. குலவை பாதியில் நின்றது. கேமரா அவள் முகத்தை விட்டு நகரவேயில்லை. அவள் அழவில்லை. வீட்டில் எப்படிச் சொல்வதென்று உதடு மட்டும் சொல்லிப் பார்த்தது. அப்படியொரு முகத்தை நான் கண்டதேயில்லை. கண்டிருக்க வேண்டும், அன்று நான் சர்பத்துக்காரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்தால் எவரும் எழுந்து போகாமல் விவாதிப்பது சங்கத்தின் வழக்கம். விளக்கு எரிந்ததும் மைக்கை முதலில் பிடுங்கியது நான்தான்.

"அந்த முகத்த இவ்வளவு நேரம் காட்டினவங்களுக்கு என் சலாம். என் மக முகத்த அன்னிக்கு நான் பாக்கவேயில்ல. மன்னிச்சிடு, ஷிராஸ்."

ஷிராஸ் மைக்கை வாங்கினாள்.

"ஊருக்கு முன்னாடியா, உம்மா? இதுக்கும் அவசரமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அடுத்த தடவையாவது நான் படிச்சுச் சொன்னதுக்கப்புறம் குலவை போடு."

சிரிப்பு இன்னும் பலத்தது. அடுத்த தடவை என்றாள். தொண்டை வரை வந்துவிட்ட குலவையை இரண்டு கையாலும் வாயைப் பொத்தி அடக்கிக்கொண்டேன்.