ஓலீடாவின் நெஞ்சும் பிஸ்கட்டின் நடையும்

குதிரையிலிருந்து விழுந்த நாள் முதல் ஓலீடா கோம்ஸின் நெஞ்சு அடித்துக்கொள்வது நாலு வீடு தள்ளிக் கேட்டது. இடுப்பெலும்பு கூடிவிட்டது, சத்தம்தான் அடங்கவில்லை. கிழக்குக் கென்டக்கியின் அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. தேவாலயத்தில் பாட்டுக் குழு அவள் நெஞ்சின் தாளத்துக்கே பாடப் பழகிக்கொண்டது. அவள் அதிகம் பயந்திருந்த ஞாயிறுகளில் ஆராதனை சீக்கிரம் முடிந்ததில் ஆண்களுக்குச் சந்தோஷம்தான். குதிரைகளுக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் சேணத்தில் உட்கார்ந்ததுமே முதுகில் யாரோ கதவை இடிப்பதாக நினைத்து மிரண்டு ஓடின. இலையுதிர்காலம் வந்தால் தங்கைகள் மலைமுகட்டுப் பாதையில் சவாரி போவார்கள். ஓலீடா வீட்டில் அவர்களுக்கு பீன்ஸ் வேகவைப்பாள். இந்த வருஷமும் ஏறாவிட்டால் இனி ஏறவே மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால் நெஞ்சு இன்னும் பலமாக அடித்தது.

அப்போதுதான் வெர்ல் நேப்பியர் ஒரு குதிரையை விற்பதாகச் செய்தி வந்தது. பெயர் பிஸ்கட். சாக்லேட் நிறம், வெளுத்த பிடரி, நாலு காலையும் ஒவ்வொன்றாக ஊன்றி முதுகு அலுங்காமல் நடக்கும் சாதி. ஓலீடா பார்க்கப் போனபோது வெர்ல் தளும்பத் தளும்ப ஒரு கோப்பைக் காப்பியுடன் அதன்மேல் ஏறி ஓடைவரை போய்வந்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. ஓலீடா கிட்டே போனாள். கோழிகள் சிதறி ஓடின. பிஸ்கட் ஒரு காதைத் திருப்பிவிட்டு, புல்லைத் தொடர்ந்து மென்றது.

குதிரை இத்தனை சாதுவாக இருந்தால் அந்த ஊரில் எல்லோருக்கும் வரும் சந்தேகம் அவளுக்கும் வந்தது. "மருந்து குடுத்து மயக்கி வச்சிருக்கான்," என்று கணவன் டாயிலின் காதில் சொன்னாள். தன் நெஞ்சை மீறிச் சொல்ல வேண்டியிருந்ததால் அது வெர்லுக்கும் கேட்டது.

"அக்கா, எங்கிட்ட மருந்து இருந்திருந்தா மொதல்ல உங்களுக்குத்தான் குடுத்திருப்பேன்," என்றான் அவன்.

மறுநாள் விடிந்ததும் சொல்லாமல் போய் நின்றார்கள். மருந்தென்றால் இதற்குள் தெளிந்திருக்க வேண்டும். பிஸ்கட் மழையில் நனைந்தபடி வேலிக் கதவை நக்கிக்கொண்டிருந்தது. செவிடாக இருக்குமோ என்று டாயில் ஒரு ஆப்பிளைக் கடித்துப் பார்த்தான். அந்த ஓசைக்கே வந்து தோளை முட்டியது.

"இனிமே என்ன சாக்கு சொல்லப்போறே?" என்று ஓலீடாவிடம் கேட்டான்.

"விழுந்துட்டா?"

"பொறுக்கி எடுத்துக்கறேன். போன தடவை எடுக்கலையா?"

ஏறினாள். வெர்ல் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. குதிரை நடந்தது. இதோ மிரளும், அந்த மரத்தடியில் மிரளும் என்று நெஞ்சு முன்னால் ஓடி ஓடிப் பார்த்தது. பிஸ்கட்டோ தன் போக்கில் தக், தக், தக், தக் என்று போய் ஓடையைத் தாண்டி மரங்களுக்குள் மறைந்தது. அப்புறம் பள்ளத்தாக்கில் ஒரு சத்தமும் இல்லை.

டாயிலுக்கு உயிரே போய்விட்டது. பூட்ஸோடு ஓடைக்குள் இறங்கி, விழுந்து எழுந்து ஓடினான். அந்தப் பக்கம் ஓலீடா சேணத்தின் மேல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்யா இப்படி எரைக்க எரைக்க ஓடி வர்றே?"

"சத்தமே கேக்கலையேடி!"

அவளை இறக்கி மார்பில் காதை வைத்தான். நெஞ்சு இருந்தது. தக், தக், தக், தக். நாலும் தனித்தனியாக, ஒரே சீராக.

அந்த இலையுதிர்காலத்தில் அவள் பிஸ்கட்டின் மேல் தங்கைகளுக்கு முன்னால் முகட்டுப் பாதையில் போனாள். திரும்பி வந்ததும் டாயிலின் நச்சரிப்புக்காக டாக்டரைப் பார்த்தாள். அவரும் அந்த ஊர்க்காரர்தான். குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு தலையைக்கூட ஆட்டினார்.

"நடை நல்லா இருக்கு," என்று சொல்லி அனுப்பிவைத்தார்.