நான்காவது ஊசி

சுவரில் மாட்டியிருந்த படத்தில் விழித்திரையின் ரத்தக்குழாய்களைக் காட்டி, கண் டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். குழாயின் சுவரில் செல்லுக்கும் செல்லுக்கும் இடையே சில புரதங்கள் தையல்போல இறுக்கிப் பிடித்திருக்குமாம். சர்க்கரை நோய் அந்தத் தையலை நெகிழ்த்திவிடுகிறது. நீர் கசிந்து, பார்வையின் நடுப்பகுதி வீங்கிவிடுகிறது. மாதம் ஒரு ஊசி, கண்ணுக்குள்ளேயே.

“நம்ம வூட்டுத் தளம் மாரி ஒழுவுதுன்றீங்க,” என்றார் என் கணவர் கன்னியப்பன். டாக்டர் சிரித்தார். வெளியில் அவர் பேச்சுக்கு எல்லோரும் சிரிப்பார்கள்.

என் கணவர் மில்லில் இருபது வருடம் பிட்டராக இருந்தவர். மில் மூடிய பிறகு உப்பளத்தில் மோட்டார் பழுது பார்த்தார். கை குறி தவறாது. அடிக்கும்போதும் அப்படித்தான், முகத்தில் படாமல், சேலை மறைக்கும் இடமாகப் பார்த்து அடிப்பார். பார்வை மங்கிய மாதங்களில் அந்தக் கை சுவரில் பட்டது, கதவில் பட்டது. சத்தமில்லாமல் நகர்ந்துகொள்ள நான் பழகினேன். மூன்று ஊசிக்குப் பிறகு பார்வை தெளிந்தது. அந்த வாரமே என் விலா எலும்பு ஒன்று முறிந்தது.

நான்காவது ஊசிக்கு முதல் நாள், மருந்து வரவில்லையென்று ஆஸ்பத்திரியில் சொன்னதாகச் சொல்லிவிட்டேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். அவருக்கு மறுபடி மங்கியது.

நர்சிங் படித்துக்கொண்டிருந்த என் மகள் சுடர்விழி கண்டுபிடித்துவிட்டாள்.

“மருந்து இருக்குதும்மா. போன் போட்டு கேட்டுட்டேன். இப்டியே வுட்டா அப்பாவுக்கு கண்ணு போயிடும்.”

“போவட்டும்.”

“என்னாம்மா பேசுற நீ?”

“கண்ணு தெரிஞ்சா எங்க அடிக்கிறதுன்னும் தெரியுது உங்கப்பனுக்கு. நீ வாயத் தொறக்காத.”

ஞாயிற்றுக்கிழமை பகலில் அவர் கூடத்தில் ஒரு மோட்டாரைத் தடவித் தடவிப் பிரித்துக்கொண்டிருந்தார். சுடர்விழி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“நாளைக்கி நானே உன்ன ஊசிக்கு இட்டுகினு போறேம்பா. மருந்து எப்பவும் இருக்குதாம்.”

அவர் மோட்டாரை ஒருபக்கம் தள்ளி வைத்தார். பிறகு பெரிய ஸ்பேனரோடு எழுந்தார்.

“எப்பவும் இருக்குதாமே. எங்கடி இருக்க, கொளஞ்சி?”

நான் அடுப்படி வாசலில் மூச்சை அடக்கி நின்றேன். சுடர்விழி எழுந்து எங்கள் நடுவே ஓடிவந்தாள். ஓர் உருவம் என்பதற்கு மேல் அவருக்குத் தெரிந்திருக்காது. முதல் அடி நெற்றிப்பொட்டில் இறங்கியது. அவள் கத்தவில்லை. விழுந்தவள்மேல் இன்னும் இரண்டு முறை இறக்கினார்.

நான்தான் கத்தினேன். குரல் வேறு இடத்திலிருந்து வந்ததில் அவர் கை நின்றது. நேராகப் பார்த்தால் அவருக்கு நடுவில் வெறும் கருமைதான். முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி, கடைக்கண்ணால் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பியபடியே, மிக மெதுவாக, தரையை நோக்கிக் குனிந்தார்.