முன்சக்கரங்களைப் பற்றி நான் எழுதாத வரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டிலிருந்து வந்தது. என் கணவர் நாமக்கல்லில் லாரிகளுக்கு ஸ்பிரிங் வேலை செய்கிறவர். எங்கள் ஒரே மகள் யாழினி, இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில், தான் ஓட்டிய போட்டி வண்டி கவிழ்ந்து இறந்துபோனாள். பதினோரு மாதம் ஆகிறது. இப்போது அவர் வீட்டை ஒட்டிய பட்டறையில் அதே வண்டிக்கு முன்சக்கரமும் சஸ்பென்ஷனும் மாற்றிக்கொண்டிருக்கிறார். நான் அடுத்த அறையில் உட்கார்ந்து கதை எழுதுகிறேன்.

நான் இருபது வருடமாகச் சிறுகதை எழுதுகிறவள். ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியாது. மீதிப் பேர் மன்னித்துவிட்டார்கள்.

2

முதல் தொடக்கம்: "எருமப்பட்டி சாலையில், காலை வெயிலில், ஒரு சின்ன வண்டி..." வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளை நிறைய எழுதிவிட்டேன்.

இரண்டாவது: "செல்லமுத்து நல்ல தகப்பன்." உண்மைதான். ஆனால் முதல் வரியிலேயே ஒருவரை நல்லவர் என்றால், அப்படி என்ன தப்புச் செய்தார் என்று வாசகர் தேட ஆரம்பித்துவிடுவார்.*

(செல்லமுத்து நான் வைத்த பெயர். கணவரைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. எழுதவும் கை ஓடவில்லை.)

* தேடட்டும். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

3

அது மேடு பள்ளத்திலும் சேற்றிலும் ஓட்டுகிற போட்டி வண்டி. இரும்புக் குழாயில் ஒரு கூண்டு, ஒரே ஒரு சீட், பின்னால் இன்ஜின். கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து கட்டியது. முன்சக்கரங்கள் மிகச் சிறியவை. பள்ளத்தில் இறங்கினால் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. யாழினி அதை அப்பாவிடம் கொண்டுவந்தாள்.

"முன்னாடி கொஞ்சம் பெரிய வீலு, கொஞ்சம் மெத்துனு ஸ்பிரிங்கு. அவ்வளவுதாம்ப்பா."

"மெத்துனா? உக்காரப் போறது நீயி. கெட்டியாப் போட்டுத் தாரேன் சாமி. எத்தன டன்னு ஏத்துனாலும் அசையாது."

அவர் பேசியது லாரிப் பேச்சு. அவர் பட்டறைக்குப் புது லாரி வந்தால், ஸ்பிரிங்குக்கு ஒரு பிளேட் சேர்த்துப் போடுங்கள் என்றுதான் ஓனர் சொல்வார். கெட்டி என்றால் பத்திரம். முப்பது வருடமாக அவர் கை கற்ற பாடம் அது.

ஆனால் லாரி டன் கணக்கில் சுமக்கிறது. யாழினியின் எடை நாற்பத்தாறு கிலோ. கெட்டி ஸ்பிரிங் அமுங்குவதற்குக் கனம் வேண்டும். கனம் இல்லாவிட்டால் மேட்டில் மோதியதும் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். தரையில் படாத சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் வண்டி திரும்பாது. இதையெல்லாம் நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

4

இந்தப் பகுதியை நாலு தடவை எழுதினேன்.

"ஆஸ்பத்திரி ஜன்னல் ஓரம் அவள்..."

"மூன்றாம் நாள் அவள் கண்..."

சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நாலு நாள் உயிரோடு இருந்தாள். மூன்றாம் நாள், அவர் டீ வாங்கப் போயிருந்தபோது சொன்னாள்.

"ஸ்டியரிங்க ஒடிச்சுத் திருப்புனேம்மா. வண்டி கேக்கல. முன்வீலு ரெண்டும் அந்தரத்துல நின்னுச்சு. ஸ்பிரிங்கு அமுங்கவே இல்ல."

"பேசாத கண்ணு."

"அப்பாகிட்டச் சொல்லிராத. தாங்க மாட்டாரு. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவர் டீயோடு வந்தார். "ரெண்டு பேருக்கும் என்ன ரகசியம்?" என்றார்.

"உங்களப் பத்தித்தான்" என்று யாழினி சிரித்தாள்.

(கதைக்காக நான் அவளைச் சிரிக்க வைக்கவில்லை. நிஜமாகவே சிரித்தாள்.)

5

செல்லமுத்து என்ற பாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். காலி லாரி எப்படித் தூக்கித் தூக்கிப் போடும் என்று எனக்கே சொன்னவர் அவர். அவருக்கா இது தெரியாது? வாசகர் நம்புவாரா?

நம்பித்தான் ஆகவேண்டும். விபத்துக்குப் பிறகு, வளைந்து கிடந்த முன்பக்கத்தைத் தடவிப் பார்த்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: கெட்டி பத்தவில்லை. அன்றைக்குப் பட்டறைக் கதவைச் சாத்தினார். சோறும் இறங்கவில்லை.

போன வாரம் மோனிஷா வந்தாள். யாழினிக்கு ஒரு வருடம் இளையவள், அதே அணி. இந்த ஞாயிற்றுக்கிழமை போட்டி என்றும், யாழினி பெயரை எழுதி அந்த வண்டியைத் தானே ஓட்டப்போவதாகவும் சொன்னாள். அவர் தேம்பி அழுதார். பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்து வெல்டிங் மிஷினை எடுத்தார். இப்போது இரண்டு வேளை சாப்பிடுகிறார். போன செவ்வாய்க்கிழமை சவரம்கூடச் செய்துகொண்டார்.

"இந்தத் தடவ ஒவ்வொரு வீலுக்கும் ரெண்டு ஸ்பிரிங்கு சாமி. பயப்படாம ஓட்டு" என்றார் மோனிஷாவிடம்.

"செரிங்கப்பா" என்றாள் அவள்.

எங்கள் பக்கம் எல்லாரையும்தான் சாமி என்று கூப்பிடுவோம். இருந்தும் அது யாழினியிடம் சொன்ன அதே பேச்சு. மோனிஷாவின் எடை நாற்பத்து மூன்று கிலோ. கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

6

முடிவு அ: நான் வாயைத் திறப்பதில்லை. மோனிஷா ஜெயித்துக் கோப்பையோடு வருகிறாள். கதையில் இதை நடத்திவிடுவது சுலபம். ஆனால் நிஜத்தில் வண்டி கவிழ்ந்தால், ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டுகிற அவளுடைய அம்மாவுக்கு நான் கதை சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

முடிவு ஆ: கல்லூரியிலேயே யாராவது பார்த்து அந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிடுகிறார்கள். கோழைத்தனமான முடிவு. நேற்று நிஜத்திலேயே முயன்று பார்த்தேன். கல்லூரியில் அந்த அணியின் பொறுப்பாசிரியருக்குப் போன் செய்து, காரணம் சொல்லாமல், வண்டியை ஒருமுறை சோதிக்கச் சொன்னேன்.

"யாழினியோட அப்பா கைப்பட செஞ்சு தர்றாருங்க. அதுல போயி நாங்க சோதன போட்டா நல்லாருக்குங்களா?" என்றார். பாவம், மரியாதையாகத்தான் சொன்னார்.

முடிவு இ: நான் சொல்கிறேன். கேட்டதும் அவர்...

கையிலிருந்த ஸ்பேனரை அவர்...

இந்த வரி வரமாட்டேன் என்கிறது. மகளைக் கொன்றது உங்கள் கை என்பதை எந்த வார்த்தையில் சொன்னாலும் அதேதான். பட்டறைக் கதவை மறுபடியும் சாத்திவிடுவார். எனக்குப் பயமாக இருக்கிறது. அவரும் போய்விட்டால் எனக்கு யாரும் இல்லை.

7

முடிவை வாசகர்களே யூகித்துக்கொள்ளட்டும் என்று நழுவுகிற கதைகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் இந்தக் கதைக்கு ஒரு முதல் வாசகர் உண்டு. நான் எதை எழுதினாலும் பத்திரிகைக்கு அனுப்பும் முன் அவர்தான் படிப்பார். கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "நல்லாருக்குது புள்ள" என்பார்.

இன்றைக்கு வியாழக்கிழமை. காபியோடு இந்தத் தாள்களையும் பட்டறைக்குக் கொண்டுபோய் வைக்கப்போகிறேன். யாழினி, சத்தியத்தை மீறுகிறேன். என்னை மன்னித்துவிடு.

ஏனுங்க, செல்லமுத்து நீங்கதானுங்க. உங்க மேல தப்பே இல்லைன்னு ஒரு வரி எழுதப் பாத்தேன். பொய்யாத் தெரிஞ்சுது, அடிச்சுட்டேன். அவ மேல இருந்த பாசத்துல பண்ணுனதுங்க. அது அவளுக்கும் தெரியும். இந்தப் பதினோரு மாசமும் நான் தனியா அழுதுட்டேனுங்க, இனி முடியாது. இதுக்கு மேல எனக்கு எழுதத் தெரியல. மொதல்ல அந்த ஸ்பிரிங்கக் கழட்டுங்க. கழட்டிட்டு உள்ள வாங்க.