பஞ்சியில் விட்ட கடிதம்

ரொறன்ரோ ஆவணக் காப்பகமொன்றில், அமெரிக்காவில் அடிமைகளாயிருந்து தப்பி வந்தவர்களின் கடிதங்களைக் கணினியில் பதிவது அன்ரனெற்றின் வேலை. மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கடிதத்தின் கிறுக்கலோடு மினக்கெடப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் ‘வாசிக்க முடியவில்லை’ என்று போட்டுவிட்டாள்.

நேற்று ஒஹாயோவிலிருந்து வந்த வயதான பெண்ணொருத்தி அதே கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்துவிட்டாள். எழுதியவர் அவளுடைய பூட்டன். அவர் பெயரைக் காப்பகங்களின் கணினிப் பதிவுகளில் தேடித் தேடியே தன் தமக்கை போன வருடம் இறந்துபோனதாகச் சொன்னாள்.

அன்ரனெற்றின் முகம் சுண்டிப்போனது. “நான்தான் பஞ்சியிலை விட்டனான்,” என்றாள், கூட வேலைசெய்யும் அட்சயாவிடம்.

“பேசாமல் இருங்கோ அக்கா. ஆருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்தானே.”

அன்ரனெற் எழுந்துபோய் உண்மையைச் சொன்னாள். அந்தப் பெண் திட்டவில்லை. பக்கத்துக் கதிரையில் உட்காரச் சொல்லிவிட்டு, கடிதத்தை உரக்க வாசிக்கத் தொடங்கினாள். தலை நிமிராமல் அன்ரனெற் முழுவதையும் பதிந்தாள்.